நின்றுவிடுகிற மேக் தேவலை

நம் கணினியில் நன்றாக ஓடிய மேக்ஃபைல் இன்னொருவர் கணினியில் பிழை காட்டி நின்றுவிட்டால் பலரும் பதறுகிறார்கள். எனக்கு அது நல்ல செய்தி. எந்த வரியில் சிக்கல் என்று மேக்கே சொல்லிவிட்டது, சரிசெய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். நான் பயப்படுவது நிற்காமல் ஓடி முடித்துவிடுகிற மேக்ஃபைலுக்குத்தான். சிவப்பு எழுத்தில் ஒன்றும் இல்லை, லைப்ரரிக் கோப்பும் உருவாகியிருக்கிறது, திறந்து பார்த்தால் உள்ளே ஒரு ஃபங்ஷன்கூட இல்லை.

நான் பராமரிக்கும் சி லைப்ரரி ஒன்று பலவிதமான இடங்களில் பில்ட் ஆக வேண்டும்: ஆப்பிள் லேப்டாப், உபுண்டு, இன்னும் ஓய்வு கொடுக்கப்படாத சென்ட்ஓஎஸ் 7 சர்வர், ஃப்ரீபிஎஸ்டி, அவ்வப்போது விண்டோஸ். எல்லா இடத்திலும் மேக் இருக்கிறது. ஆனால் எல்லாம் ஒரே மேக் இல்லை. இத்தனை மேக்குகளோடு குப்பை கொட்டியதில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: பொருந்தாமையை முழுக்க ஒழிக்க முடியாது, ஆனால் அதைச் சத்தம் போட்டு நிற்க வைக்க முடியும். கீழே வருகிற குறிப்புகள் எல்லாம் அந்த ஒன்றைச் சுற்றித்தான். கோப்பில் ஆங்கிலத்தில் இருக்கும் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். குறிகள் மட்டும் அப்படியே.

எந்த மேக், எந்தப் பதிப்பு?

மேக்கை 1976-ல் பெல் லேப்ஸில் எழுதியவர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன். கமாண்ட் வரி டாப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்ற விதியை மாற்ற அவருக்கே பிறகு மனம் வரவில்லை. அதற்குள் சுமார் ஒரு டஜன் பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள், அவர்கள் கோப்புகள் உடைந்துவிடுமே என்று விட்டுவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்தத் தயக்கத்தின் விலையை இன்றுவரை எல்லோரும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அதே தயக்கம்தான் மேக்கைத் தலைமுறைகள் தாண்டி வாழவும் வைத்தது.

அதன் பிறகு கிளைகள் பிரிந்தன. லினக்ஸில் இருப்பது குனு மேக். பிஎஸ்டி குடும்பத்தில் இருப்பது, பெர்க்லியில் ஆடம் டி போர் எழுதிய பிமேக்கின் வழித்தோன்றல். ஃப்ரீபிஎஸ்டி 10-லிருந்து நெட்பிஎஸ்டி வழி வந்த அதன் வடிவத்தையே எடுத்துக்கொண்டார்கள். அதை இங்கே பிஎஸ்டி மேக் என்றே சொல்கிறேன். மைக்ரோசாஃப்டின் என்மேக் தனி வழி. இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு சிறிய பகுதியைத்தான் பாசிக்ஸ் தரம் வரையறுக்கிறது.

குனு மேக்கை மட்டும் எடுத்துக்கொண்டாலும் பதிப்புச் சிக்கல் தீராது. ஆப்பிள் கணினியில் கூடவே வருவது இன்றும் 2006-ன் 3.81. அதற்குப் பிந்தைய பதிப்புகள் ஜிபிஎல் 3 உரிமத்துக்கு மாறிவிட்டதால் ஆப்பிள் அங்கேயே நின்றுவிட்டது. சென்ட்ஓஎஸ் 7-ல் 3.82. உபுண்டு 18.04-ல் 4.1, 20.04-ல் 4.2.1, 22.04-ல் 4.3. நீங்கள் கையேட்டில் படிப்பது பெரும்பாலும் 4.4-க்கானது. அதாவது, பக்கத்து மேசையில் இருக்கும் ஆப்பிள் லேப்டாப்புக்கும் உங்கள் கையேட்டுக்கும் நடுவே 16 வருட இடைவெளி.

ஆகவே யாராவது ‘பில்ட் ஆகவில்லை’ என்று வந்தால் நான் முதலில் கேட்பது பிழைச் செய்தியை அல்ல. மேக்கின் பதிப்பு என்ன என்றுதான் கேட்பேன்.

தெரியாது என்று சொல்லாத கருவி

மேக்கின் இலக்கணம் மிகவும் இளகியது. ஏறக்குறைய எந்த எழுத்துக்கோர்வையும் ஒரு வேரியபிள் பெயராகவோ டார்கெட் பெயராகவோ இருக்கலாம். அதனால் பழைய மேக்குக்குப் புதிய வசதி ஒன்றைக் கொடுத்தால், பல நேரம் அது ‘புரியவில்லை’ என்று சொல்வதில்லை. வழி தெரியாவிட்டாலும் ‘நேராப் போய் இடது பக்கம் திரும்புங்க’ என்று கைகாட்டுகிறவரைப் போல, தனக்குத் தெரிந்த ஏதோ ஒன்றாக எடுத்துக்கொண்டு மேலே போய்விடும்.

முதல் உதாரணம், `!=`. ஒரு கமாண்டை ஓட்டி அதன் விடையை வேரியபிளில் வைக்கும் இந்தக் குறி பிஎஸ்டியில் வெகுகாலமாக உண்டு. குனு மேக்குக்கு 2013-ல் 4.0-வோடு வந்தது. `பதிப்பு!=கிட் டிஸ்க்ரைப்` என்று எழுதியதை 3.81-க்குக் கொடுத்தால், அது ‘பதிப்பு!’ என்ற பெயருள்ள வேரியபிளை உருவாக்கிவிட்டு நகர்ந்துவிடும். ஆச்சரியக்குறியும் பெயரோடு சேர்ந்துவிட்டது. `$(பதிப்பு)` என்று கேட்கும் இடத்தில் வெறுமைதான் கிடைக்கும்.

இரண்டாவது, பல வரி வேரியபிள். 3.82 முதல் `டிஃபைன் உதவி =` என்று எழுதலாம். 3.81-ல் அந்தச் சமக்குறியும் பெயரின் பகுதி. தீர்வு எளிது: சமக்குறியை எடுத்துவிடுங்கள், எல்லாப் பதிப்பிலும் ஓடும்.

மூன்றாவது, 4.3-ல் 2020-ல் வந்த `&:`. பைசன் போன்ற கருவி ஒரே ஓட்டத்தில் பார்சரின் சி கோப்பையும் ஹெட்டர் கோப்பையும் சேர்த்து உருவாக்கும். ‘இரண்டும் ஒரே கமாண்டின் விளைவு, ஒருமுறை ஓட்டினால் போதும்’ என்று சொல்லத்தான் இந்தக் குறி. பழைய பதிப்பில் `&` என்பது மூன்றாவதாக ஒரு டார்கெட், அவ்வளவுதான். `-ஜே` கொடுத்துப் பேரலலாக ஓட்டினால் பைசன் ஒரே நேரத்தில் இருமுறை ஓடி, ஒரே கோப்பில் இரண்டு பேர் எழுதுவார்கள். பத்தில் ஒன்பது முறை சரியாக வரும். பத்தாவது முறை வெள்ளிக்கிழமை மாலையாக இருக்கும்.

இதற்கு எங்கும் ஓடும் மாற்று உண்டு. சி கோப்புக்கு மட்டும் உண்மையான ரூல் எழுதுங்கள். ஹெட்டரை அந்த சி கோப்பைச் சார்ந்ததாக அறிவித்து, அதன் ரூலில் ஒன்றும் செய்யாத கமாண்ட் ஒன்றை, ஷெல்லின் `:`-ஐ, வையுங்கள். ஹெட்டர் வேண்டும் என்று யார் கேட்டாலும் சி கோப்பின் வழியாகத்தான் போயாக வேண்டும்; பைசன் ஒருமுறைதான் ஓடும்.

நான்காவதுதான் ஆபத்தானது. 3.82 முதல் `.ஒன்ஷெல்` என்று ஒரு டார்கெட் எழுதினால், ஒரு ரூலின் எல்லா வரிகளும் ஒரே ஷெல்லில் ஓடும். இல்லையென்றால் ஒவ்வொரு வரிக்கும் தனி ஷெல். இப்போது இந்தக் கிளீன் ரூலைப் பாருங்கள்:

    கிளீன்:
        சிடி பில்ட்
        ஆர்எம் -எஃப் *

`.ஒன்ஷெல்` தெரிந்த மேக்கில் பில்ட் ஃபோல்டர் சுத்தமாகும். 3.81-க்கு அது பெயர் தெரியாத ஏதோ ஒரு டார்கெட். முதல் வரி ஒரு ஷெல்லில் ஃபோல்டர் மாறும், அந்த ஷெல் அங்கேயே முடிந்துபோகும். இரண்டாவது வரி புதிய ஷெல்லில், புராஜெக்டின் தலைமை ஃபோல்டரில் ஓடும். மேக்ஃபைலும் சேர்ந்து போய்விடும்.

இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. பிஎஸ்டி மேக்கை `-ஜே` கொடுத்து ஓட்டினால், அது ஒரு டார்கெட்டின் எல்லா வரிகளையும் ஒரே ஷெல்லுக்குக் கொடுத்துவிடுகிறது. வரிக்கு வரி புதிய ஷெல் என்று நம்பி எழுதியவருக்கு, முதல் வரியின் `சிடி` இரண்டாவது வரியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஃப்ரீபிஎஸ்டியின் மேன் பக்கமே இதைப் பற்றி எச்சரிக்கிறது.

இரண்டுக்கும் ஒரே மருந்து: ஃபோல்டர் மாறும் வேலையை ஒரே வரியில், அடைப்புக்குள் வையுங்கள். `(சிடி பில்ட் && ஆர்எம் -எஃப் *)`. அடைப்புக்குறி தனிச் சப்ஷெல்லைத் திறப்பதால் ஃபோல்டர் மாற்றம் வெளியே கசியாது. `&&` இருப்பதால் ஃபோல்டர் இல்லாவிட்டால் அழிப்பும் நடக்காது. இந்த ஒரு வழக்கத்தை மட்டும் கையில் பழக்கிக்கொண்டாலே பாதி விபத்து குறையும்.

பிஎஸ்டியில் காத்திருக்கும் ஃபோல்டர்

ஆப்ஜெக்ட் கோப்புகளை எங்கே வைப்பது? நம்மில் பலர் `ஓபிஜே` என்று ஒரு ஃபோல்டர் வைத்துக்கொள்வோம். சுருக்கமான, நல்ல பெயர். பிஎஸ்டி மேக்குக்கும் அந்தப் பெயர் பிடிக்கும். அப்படி ஒரு ஃபோல்டர் இருந்தால், ரூல்களை ஓட்டும் முன் அது தானாகவே அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிஎஸ்டியின் முழு மூலநிரலையும் பில்ட் செய்யும்போது விளைபொருள்கள் மூலக் கோப்புகளோடு கலக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது.

இதன் அழகு, முதல் ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது என்பது. அப்போது அந்த ஃபோல்டரே இல்லை. மேக்ஃபைல்தான் அதை உருவாக்குகிறது, எல்லாம் நன்றாக முடிகிறது. இரண்டாவது முறை ஓட்டும்போதுதான் மேக் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, கமாண்டுகளை அங்கிருந்தே ஓட்டுகிறது; ‘மூலக் கோப்பைக் காணோம்’ என்று பிழை வருகிறது. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. `எல்எஸ்` போட்டால் தெரிகிறது. கம்பைலருக்கு மட்டும் தெரியவில்லை. ஃபோல்டரை அழித்துவிட்டு ஓட்டினால் மீண்டும் சரியாகிவிடுவதால், சந்தேகம் எங்கெங்கோ போகும்.

காரணம் தெரிந்தபின் தீர்வு அரை நிமிட வேலை. ஃபோல்டரின் பெயரை `பில்ட்` என்று மாற்றிவிடுங்கள். மேக்கோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

குறிகளின் குழப்பம்

தானாக நிரம்பும் வேரியபிள்களில் எங்கும் ஒரே பொருள் தருபவை குறைவு. `$@` எங்கும் டார்கெட்தான், நம்பலாம். `$?` என்பது டார்கெட்டைவிடப் புதிய சார்புகள், அதையும் நம்பலாம். `$<` விஷயத்தில் கவனம் வேண்டும். `.சி.ஓ:` போன்ற பொது ரூலுக்குள் அது எங்கும் சரி. ஒரு குறிப்பிட்ட டார்கெட்டுக்கு எழுதும் ரூலில் குனு மேக் அதற்கு முதல் சார்பைத் தரும். மற்ற மேக்குகள் தர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

எல்லாச் சார்புகளும் வேண்டுமென்றால் குனுவில் `$^`, பிஎஸ்டியில் `$>`, என்மேக்கில் `$**`. நான் எதையும் பயன்படுத்துவதில்லை. `$(ஓப்ஜ்ஸ்)` என்று வேரியபிள் பெயரையே நேராக எழுதிவிடுகிறேன். நாலு எழுத்து கூடுதல், ஆனால் எந்த மேக்கும் தவறாகப் புரிந்துகொள்ள வழியில்லை.

`$(சோர்ஸ்:.சி=.ஓ)` என்ற பின்னொட்டு மாற்றம் எல்லா மேக்கிலும் வேலை செய்யும். சதவீதக் குறி வைத்த பேட்டர்ன் ரூல் குனுவின் சொத்து. அதற்குப் பதில் பழைய `.சி.ஓ:` பாணியை எழுதி, மேலே `.சஃபிக்ஸஸ்` வரியில் இரண்டு பின்னொட்டையும் அறிவித்துவிட்டால் போதும்.

குனுவின் ஃபங்ஷன்கள்தான் பெரிய பொறி. `$(வைல்ட்கார்ட் *.சி)` என்பதை பிஎஸ்டி மேக் ஃபங்ஷனாகப் பார்ப்பதில்லை, ‘வைல்ட்கார்ட் *.சி’ என்ற நீண்ட பெயருள்ள வேரியபிளாகப் பார்க்கிறது. அப்படி ஒரு வேரியபிள் கிடையாது, ஆகவே விடை வெறுமை. மூலக் கோப்புப் பட்டியல் வெறுமை, ஆப்ஜெக்ட் பட்டியல் வெறுமை. லினக்ஸில் குனு ‘ஏஆர்’ கருவிக்கு ஆப்ஜெக்ட் ஒன்றும் கொடுக்காவிட்டால் அது மறுபேச்சில்லாமல் காலி லைப்ரரி ஒன்றைச் செய்து தந்துவிடும். தொடக்கத்தில் சொன்ன வெற்று லைப்ரரி இப்படித்தான் பிறக்கிறது.

பத்து இருபது கோப்புகள் உள்ள புராஜெக்டில் மூலக் கோப்புகளின் பெயரை ஒன்றொன்றாகக் கையால் எழுதுங்கள். சோம்பலாக இருக்கும், ஆனால் எல்லா மேக்கிலும் ஓடும். யாரோ சோதனைக்காக விட்டுவைத்த கோப்பும் தானாக உள்ளே நுழையாது.

ஷெல் கமாண்டின் விடை வேண்டுமென்றால் இரண்டு வரி வித்தை ஒன்று இருக்கிறது:

    பதிப்பு!=கிட் டிஸ்க்ரைப்
    பதிப்பு?=$(ஷெல் கிட் டிஸ்க்ரைப்)

`!=` புரிகிற மேக்கில் முதல் வரியே வேலையை முடித்துவிடும்; ‘ஏற்கெனவே இல்லாவிட்டால் மட்டும்’ என்று பொருள்படும் `?=` சும்மா இருக்கும். 3.81-ல் முதல் வரி வீணாகும், இரண்டாவது வரி காப்பாற்றும். பழைய மேக்கின் அசட்டுத்தனத்தையே இங்கே நமக்குச் சாதகமாகத் திருப்பிவிடுகிறோம். ஒரே எச்சரிக்கை: அதே பெயரில் என்விரான்மென்ட் வேரியபிள் இருந்தால் `?=` அதை மதித்து ஒதுங்கிவிடும். ஆகவே யாரும் வைக்காத பெயராகப் பார்த்து வையுங்கள்.

குனுவுக்குள்ளேயே

‘எங்களுக்குக் குனு மேக் மட்டும் போதும்’ என்பவர்களுக்கும் தப்பிக்க வழியில்லை. பதிப்புக்குப் பதிப்பு மாறியவற்றில் அடிக்கடி கடிப்பவை இவை.

வைல்ட்கார்ட் வரிசை: 3.81-ல் கோப்புகள் அகரவரிசையில் வந்தன. 3.82-லிருந்து 4.2 வரை டிஸ்கில் எப்படி இருக்கிறதோ அப்படி வந்தன. 4.3-ல் மீண்டும் வரிசை திரும்பியது. லிங்க் செய்யும் வரிசை மாறினால் பைனரி மாறும். சி++ நிரலில் குளோபல் ஆப்ஜெக்ட்கள் உயிர்பெறும் வரிசையும் மாறலாம். `$(சார்ட் $(வைல்ட்கார்ட் *.சி))` என்று எழுதுங்கள், பிரச்சினை அதோடு முடிந்தது. தினமும் ஒரே பைனரி வர வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது கட்டாயம்.

`#` குறி: 4.3-க்கு முன் ஃபங்ஷனுக்குள் `#` எழுத வேண்டுமானால் முன்னால் `\` போட வேண்டும். இல்லாவிட்டால் அங்கிருந்து கமென்ட். 4.3-லிருந்து `\` போட்டால் அதுவும் சேர்ந்தே ஷெல்லுக்குப் போகும். ஹெட்டர் கோப்பு இருக்கிறதா என்று `#இன்க்ளூட்` எழுதிக் கம்பைல் செய்து பார்க்கும் சோதனைகளெல்லாம் இதனால் சத்தமில்லாமல் ‘இல்லை’ என்று சொல்லத் தொடங்கின. லினக்ஸ் கெர்னலில் இதற்காகவே `பவுண்ட் := \#` என்று ஒரு வேரியபிள் வைத்தார்கள். தேவையான இடத்தில் அதைக் கூப்பிட்டால் எல்லாப் பதிப்பிலும் ஒரே பொருள். நானும் அதையே எடுத்துக்கொண்டேன்.

எக்ஸ்போர்ட்: 4.4-க்கு முன், எக்ஸ்போர்ட் செய்த வேரியபிள்கள் `$(ஷெல் …)` அழைப்புக்குள் போகாது. ரூலின் கமாண்டுகளுக்கு மட்டும் போகும். 4.4-லிருந்து இரண்டுக்கும் போகும். மேக்ஃபைலில் `பாத்` வேரியபிளை நீட்டி, சொந்தக் கருவிகளின் ஃபோல்டரை முன்னால் வைத்திருந்தால், கம்பைலரைத் தேடும் ஷெல் அழைப்பு 4.3-ல் ஒன்றையும் 4.4-ல் வேறொன்றையும் கண்டுபிடிக்கும். கருவியின் முழுப் பாதையையும் வேரியபிளாகக் கொடுத்துவிடுவதே பாதுகாப்பு.

மேக்ஃபிளாக்ஸ்: `-என்` கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்க, மேக்ஃபிளாக்ஸ் வேரியபிளில் ‘என்’ எழுத்து எங்காவது இருக்கிறதா என்று தேடுகிறார்கள். நீண்ட பெயருள்ள ஆப்ஷன் ஒன்றுக்குள் அந்த எழுத்து இருந்தாலும் ‘ஆம்’ என்றுதான் விடை வரும். `$(ஃபர்ஸ்ட்வேர்ட் -$(மேக்ஃபிளாக்ஸ்))` என்று முதல் சொல்லை மட்டும் எடுத்துத் தேட வேண்டும். முன்னால் உள்ள அந்த ஒற்றைக் கோட்டை மறந்துவிடாதீர்கள். ஓரெழுத்து ஆப்ஷன் ஒன்றுமே இல்லாதபோது நீண்ட ஆப்ஷன் முதல் சொல்லாகிவிடாமல் தடுப்பது அதுதான்.

மேக் மேல் பழி, ஷெல் மேல் குற்றம்

‘மேக் தகராறு’ என்று வரும் புகார்களில் பல உண்மையில் ஷெல் தகராறு. மேக் கூப்பிடுவது சாதாரண எஸ்ஹெச் ஷெல்லை. உபுண்டுவில் 2006-லிருந்தும் டெபியனில் 2011-லிருந்தும் அது டேஷ், சென்ட்ஓஎஸ்ஸில் பேஷ். `எக்கோ -இ` என்று எழுதி ஒரு ஹெட்டர் கோப்பை உருவாக்கினால், டேஷ் அந்த `-இ`-யையும் கோப்பின் முதல் வரியில் எழுதிவைக்கும். எக்கோவுக்கு ஆப்ஷன் கொடுக்கத் தோன்றினாலே பிரிண்ட்எஃப்புக்கு மாறிவிடுங்கள். இரட்டைச் சதுர அடைப்பு, சுருள் அடைப்பு விரிவாக்கம் எல்லாம் பேஷின் பழக்கங்கள், மேக்ஃபைலுக்குள் வேண்டாம்.

`செட் -ஐ` என்று கோப்பை அதே இடத்தில் திருத்துவதும் அப்படித்தான். குனுவில் அடுத்து வருவது திருத்தம். ஆப்பிளிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் அடுத்து வருவது பேக்கப் கோப்பின் பின்னொட்டு. தற்காலிகக் கோப்பில் எழுதி, `எம்வி` கொண்டு பெயர் மாற்றுங்கள். ஒரு மேக்குக்குள்ளிருந்து இன்னொன்றை அழைக்கும்போது நேராக ‘மேக்’ என்று எழுதாமல் `$(மேக்)` என்று எழுதுங்கள். ஃப்ரீபிஎஸ்டியில் ஜிமேக்கில் (குனு மேக்குக்கு அங்கே அதுதான் பெயர்) தொடங்கிய வேலை பாதியில் பிஎஸ்டி மேக்குக்குத் தாவாமல் இருக்க அது ஒன்றே வழி.

வாசலிலேயே நிறுத்துங்கள்

இவ்வளவையும் நினைவில் வைத்துக்கொண்டு எழுத முடியாது. ஆகவே முதலில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். கோப்பு சிறியதென்றால் பாசிக்ஸ் பொதுப்பகுதிக்குள் நில்லுங்கள். முதல் வரியாக `.பாசிக்ஸ்:` என்று போட்டு, பின்னொட்டு ரூல்களும் கையால் எழுதிய பட்டியலும் வைத்தால் ஒரு லைப்ரரிக்குத் தாராளம். 2024-ல் வந்த புதிய பாசிக்ஸ் தரம் `+=`, `?=`, `!=`, `.ஃபோனி` போன்றவற்றையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் தரம் புதிதானதால் ஆப்பிளின் 3.81 புதிதாகிவிடாது.

புராஜெக்ட் பெரிது, குனு வசதிகள் இல்லாமல் முடியாது என்றால் அதை ஒளிக்காமல் சொல்லுங்கள். கோப்பின் பெயரையே `குனுமேக்ஃபைல்` என்று வையுங்கள். குனு மேக் அதைத்தான் முதலில் தேடும், மற்றவை கண்டுகொள்ளாது. பக்கத்தில் சாதாரண `மேக்ஃபைல்` ஒன்றை வைத்து, அதில் ‘இதற்குக் குனு மேக் வேண்டும், ஜிமேக் என்று அழையுங்கள்’ என்று அச்சிட்டுப் பிழையோடு முடியும் ஒரே ரூலை எழுதுங்கள். பிஎஸ்டிக்காரர் அரை நிமிடத்தில் புரிந்துகொள்வார்.

குனுவுக்குள் பதிப்பைத் தடுக்கவும் காவல் வேண்டும். பதிப்பு எண்ணை ஒப்பிடுவதைவிட வசதியைக் கேட்பது நல்லது. 3.81-லிருந்தே `.ஃபீச்சர்ஸ்` என்ற வேரியபிள் அந்த மேக்குக்கு என்னென்ன தெரியும் என்று பட்டியலிடுகிறது. `&:` வேண்டுமென்றால் அதில் ‘க்ரூப்டு-டார்கெட்’ இருக்கிறதா என்று ஃபில்டர் செய்து, இல்லையென்றால் `$(எரர் …)` போட்டு நிறுத்திவிடலாம். எண்ணை ஒப்பிட்டால் 4.10 என்று ஒரு பதிப்பு வரும் நாளில், எழுத்து வரிசைப்படி அது 4.2-க்கு முன்னால் போய் நிற்கும். காவல் வரிகள் மட்டும் 3.81-க்கே புரியும் இலக்கணத்தில் இருக்க வேண்டும். காவலாளியே வாசலில் விழுந்துவிடக் கூடாது.

விண்டோஸின் என்மேக்குக்குத் தனிக் கோப்பு வைப்பதே என் வழக்கம். ஒரே கோப்பை இரண்டுக்கும் ஓட வைக்கும் தந்திரம் ஒன்று உண்டு: `# \` என்று முடியும் கமென்ட் வரியைக் குனு அடுத்த வரிக்கும் நீட்டும், என்மேக் நீட்டாது. அந்த வேறுபாட்டை வைத்து ஒருவருக்குத் தெரியும் வரியை இன்னொருவருக்கு மறைக்கலாம். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ஆறு மாதம் கழித்து அந்தக் கோப்பைத் திறப்பவர், கமென்ட்தானே என்று ஒரு `\`-ஐ அழித்துவிடுவார். படிக்க முடியாத ஒரு கோப்பைவிடப் படிக்க முடிகிற இரண்டு கோப்பு மேல்.

சோதிப்பது எப்படி

பிஎஸ்டி இயந்திரம் கையில் வேண்டியதில்லை. டெபியனிலும் உபுண்டுவிலும் அதே பிஎஸ்டி மேக் பாக்கேஜாகக் கிடைக்கிறது. பழைய குனு பதிப்புகளுக்குப் பழைய டிஸ்ட்ரோ கன்டெய்னர்கள் போதும். வேண்டிய பதிப்பின் மூலநிரலை இறக்கியும் பில்ட் செய்யலாம். மேக் இல்லாத கணினியிலும் மேக்கை உருவாக்க அதனோடு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் வருகிறது.

எனக்கு மிகவும் கைகொடுத்த சோதனை, எதையும் ஓட்டாத சோதனை. சுத்தமான ஃபோல்டரில் ஒவ்வொரு மேக்கையும் `-என்` கொடுத்து அழையுங்கள். ஓட்டப்போகும் கமாண்டுகளை அது அச்சிடும். அவற்றைக் கோப்புகளில் சேமித்து ஒன்றோடொன்று டிஃப் எடுத்துப் பாருங்கள். வெற்றுப் பட்டியல், மாறிய வரிசை, காணாமல் போன பதிப்பு எண் எல்லாம் அங்கேயே பல்லிளித்துவிடும். குனுவில் `--வார்ன்-அன்டிஃபைன்ட்-வேரியபிள்ஸ்` ஆப்ஷனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெறுமையாக விரிந்த பெயர்களைக் காட்டிக்கொடுக்கும். 4.4 இருந்தால் `--ஷஃபிள்` சார்புகளைக் கலைத்துப்போட்டு ஓட்டும். எழுத மறந்த சார்புகள் வெளிவந்துவிடும். டிஃபில் ஒன்றும் இல்லாவிட்டாலும் முழு பில்டை ஒருமுறை அல்ல, தொடர்ந்து இருமுறை ஓட்டுங்கள். ஃபோல்டர் பொறி இரண்டாவது முறைதானே வாய் திறந்தது.

“அண்ணா, எதுக்கு இவ்வளவு வம்பு? பேசாம சிமேக்குக்கு மாறிடலாமே?” என்று கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டார். பெரிய புராஜெக்டுக்கு அது சரியான யோசனைதான், நானே மாற்றியிருக்கிறேன். ஆனால் பதிப்புத் தொல்லை அதோடு தீரும் என்று நினைத்து மாறாதீர்கள். 2025-ல் வந்த சிமேக் 4.0, 3.5-க்கு முந்தைய பதிப்புகளுக்காக எழுதிய கோப்புகளை ஏற்க மறுத்தது; நெடுங்காலம் யாரும் தொடாத எத்தனையோ புராஜெக்டுகள் ஒரே நாளில் நின்றன. ஒரு வித்தியாசம் உண்டு. என்ன காரணம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு நின்றன. எந்த வரியை மாற்ற வேண்டும் என்பது படித்தவுடன் புரிந்தது.

மேக்கிடம் அந்தக் குணம் பிறவியில் இல்லை, நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும். இன்று ஒரே ஒரு மாற்றம் செய்ய நேரம் இருக்கிறதென்றால், குறியையும் ஃபங்ஷனையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கோப்பின் தலையில் அந்தக் காவல் வரிகளை முதலில் எழுதுங்கள். மீதிச் சிக்கல்கள் அதற்குப் பிறகு தாமாகவே வந்து கதவைத் தட்டும்.